வளைந்த முதுகும் பிலாட்டிஸ் பயிற்சியும்

பருவமெய்தும் வயதிலுள்ள பெண்பிள்ளையின் முதுகில் வளைவு இருப்பதைப் பல வீடுகளில் முதலில் கண்டுபிடிப்பவர் தையற்காரர். "அம்மணிக்கு ஒரு தோளு எறங்கியிருக்குதுங்க, ரெண்டு பக்கமும் ஒரே அளவு வெச்சாச் சட்டை சரியா உக்காராதுங்க" என்று அவர் சொன்ன பிறகுதான் தாய் மகளைத் திருப்பி நிறுத்திப் பார்க்கிறார். சிறுமியாக இருந்தவரை வெள்ளிதோறும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய கைகளுக்கு அந்த முதுகு நன்கு பழக்கமானதுதான். ஆனால் பத்து வயதுக்குப் பிறகு குளியலறைக் கதவு தாழிடப்பட்டுவிடுகிறது. முதுகெலும்பு விரைந்து வளர்கின்ற ஆண்டுகளும், அதிலுள்ள வளைவு விரைந்து கூடுகின்ற ஆண்டுகளும் அவையே.

எங்கள் இயன்முறை மருத்துவப் பிரிவுக்கு அவ்வாறு வந்த பதின்மூன்று வயது மாணவி ஒருவரைப் பற்றிச் சொல்லி இக்கட்டுரையைத் தொடங்குவது பொருத்தமாக இருக்கும். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறோம். முதல் எக்ஸ்ரே படத்தில் வளைவு 24 பாகை இருந்தது. நான்கு மாதம் கழித்து மறுபடியும் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் எழுதியிருந்தார். இடையில் உறவினர் ஒருவர் ஓர் உடற்பயிற்சி நிலையத்தைப் பற்றிக் கூறினார். பிலாட்டிஸ் பயிற்சியால் ஆறு மாதத்தில் முதுகு நிமிர்ந்துவிடும் என்று அங்கே உறுதி அளித்தார்கள். பிள்ளை உண்மையாகவே ஆர்வத்துடன் பயின்றாள். நன்றாக நடந்தாள், முதுகுவலி குறைந்தது, முகத்திலும் தெளிவு வந்தது. ஆகவே மறு எக்ஸ்ரே தேவையில்லை என்று வீட்டார் முடிவு செய்துவிட்டார்கள். பத்து மாதங்களுக்குப் பின் எங்களிடம் வந்தபோது வளைவு 33 பாகை.

"ஏனுங்க மேடம், தெனமும் செஞ்சாளுங்களே, ஒரு நாளுகூட விடலீங்களே, அப்பறம் எப்பிடிங்க கூடுச்சு?" என்று தாய் கேட்டார். இக்கேள்விக்கு அன்று பத்து நிமிடத்தில் தந்த விடை போதுமானதாக இல்லை. பிலாட்டிஸ் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை இதே கேள்வியுடன் இருக்கும் மற்ற குடும்பங்களுக்காகவும் இங்கே விரித்துச் சொல்ல முயல்கிறோம்.

வளைவு என்பது என்ன?

முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதை ஸ்கோலியோசிஸ் என்கிறோம். ஆயினும் அது வெறும் பக்கவளைவு அன்று. எலும்புக் கண்ணிகள் பக்கவாட்டில் சாயும்போதே தம் அச்சில் திருகவும் செய்கின்றன. ஈரத் துணியை முறுக்கும்போது அது நெளிவதை நினைத்துக்கொள்ளலாம். அத்திருகலோடு விலா எலும்புகளும் இழுபட்டுச் செல்வதால்தான் குனியும்போது முதுகின் ஒரு புறம் மேடாகத் தெரிகிறது. இம்மேட்டைக் கண்டறியும் எளிய சோதனையை 1865-ஆம் ஆண்டு இலண்டன் அறுவை மருத்துவர் வில்லியம் ஆடம்ஸ் விளக்கினார். இன்றும் அதுவே பயன்படுகிறது. பிள்ளை பாதங்களைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல், இரு உள்ளங்கைகளையும் ஒட்டிவைத்து மெல்லக் குனிய வேண்டும். பின்னால் அமர்ந்து முதுகின் மட்டத்தில் கண்ணை வைத்துப் பார்த்தால், இரு புறமும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்பது தெரிந்துவிடும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

வளைவின் அளவைக் கூறும் எண்ணுக்குக் காப் கோணம் என்று பெயர். அமெரிக்க எலும்பு மருத்துவர் ஜான் காப் 1948-இல் வகுத்த முறை அது. நின்ற நிலையில் எடுத்த படத்தில் வளைவின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் மிகவும் சாய்ந்துள்ள கண்ணிகளுக்கு இடையே அமையும் கோணம் பாகைகளில், அதாவது டிகிரியில், கணக்கிடப்படுகிறது. 10 பாகைக்குக் குறைந்தால் அது ஸ்கோலியோசிஸ் ஆகாது. ஒரே படத்தை இரண்டு பேர் அளந்தாலும் 5 பாகை வரை வேறுபாடு வரக்கூடும் என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறோம். 'மூன்று பாகை குறைந்துவிட்டது' என்று யாரேனும் மகிழ்ச்சியோடு கூறினால் அதற்குள் இந்த உண்மை ஒளிந்திருக்கக்கூடும்.

பதின்பருவத்தினரில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இவ்வளைவு உண்டு. பெரும்பாலானோரிடம் குறிப்பான காரணம் எதுவும் புலப்படுவதில்லை. மரபு வழியின் பங்கு உண்டு. ஆகையால் ஒரு பிள்ளைக்கு இருந்தால் உடன்பிறந்தோரையும் பார்த்துவிடுவது நல்லது. சிறிய வளைவுகள் ஆண், பெண் இருபாலரிடமும் ஏறக்குறைய ஒரே அளவில் காணப்படுகின்றன. வளர்ந்து பெரிதாகும் வளைவுகளோ பெண்பிள்ளைகளிடமே மிகுதி. கனத்த புத்தகப்பையோ, ஒருக்களித்துப் படுத்ததோ, கூன் போட்டு உட்கார்ந்ததோ இதற்குக் காரணம் அல்ல. "நேரா உக்காருன்னு எத்தன தடவ சொன்னேன், கேட்டாத்தானே" என்று பிள்ளையின் எதிரிலேயே கூறும் பெற்றோரை நாங்கள் வாரந்தோறும் பார்க்கிறோம். தயைகூர்ந்து அதை நிறுத்திவிடுங்கள். அப்பிள்ளை எந்தத் தவறும் செய்யவில்லை.

சிகிச்சை எதுவென்பதைக் கோணமும், இன்னும் எவ்வளவு வளர்ச்சி மீதம் இருக்கிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. 25 பாகைக்குக் கீழே இருந்தால் நான்கு முதல் ஆறு மாத இடைவெளியில் கண்காணிப்பு. வளரும் பிள்ளைக்கு 25 முதல் 40 வரை இருந்தால் பிரேஸ் எனப்படும் உடற்கவசம். 45, 50-ஐக் கடந்தால் அறுவை சிகிச்சையைப் பற்றிய பேச்சு எழும். வளர்ச்சி முடியும்போது 30-க்குக் கீழே இருக்கும் வளைவு பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். 50-ஐக் கடந்ததோ வளர்ச்சி முடிந்த பின்னும் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு பாகை வீதம் கூடக்கூடும்.

சிறைமுகாமிலிருந்து வந்த பயிற்சி

ஜோசப் பிலாட்டிஸ் 1883-இல் ஜெர்மனியின் மான்ஹென்கிளாட்பாக் நகரில் பிறந்தவர். சிறு வயதில் ஆஸ்துமாவும் எலும்பை மெலிவிக்கும் ரிக்கெட்ஸ் நோயும் அவரை வாட்டின. முதல் உலகப்போர் மூண்டபோது இங்கிலாந்தில் இருந்த அவரை எதிரி நாட்டவர் என்று பிடித்து, ஐல் ஆஃப் மேன் தீவின் முகாமில் அடைத்தார்கள். படுக்கையிலிருந்த நோயாளிகள் படுத்தபடியே பயிற்சி செய்வதற்காகக் கட்டிலில் சுருள்வில்களை அவர் பொருத்தினார் என்றும், இன்றைய ரிஃபார்மர் கருவியின் மூதாதை அதுவே என்றும் கூறுவார்கள். 1926-இல் நியூயார்க் சென்று பயிற்சிக்கூடம் அமைத்தார். நடனக் கலைஞர்கள் காயம்பட்டால் அவரிடம் வந்தார்கள். தம் முறைக்கு அவர் இட்ட பெயர் 'கன்ட்ராலஜி', அதாவது உடலைக் கட்டுப்படுத்தி ஆளும் கலை. 1967-இல் அவர் மறைந்த பிறகே அவருடைய பெயர் அம்முறைக்கு நிலைத்தது.

அவர் இதை ஸ்கோலியோசிஸுக்கென்று வகுக்கவில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். அதற்கென்றே வகுக்கப்பட்ட பயிற்சி ஷ்ராத் முறை. தமக்கே முதுகு வளைவு இருந்த கதரீனா ஷ்ராத் என்ற ஜெர்மானியப் பெண்மணி 1921-இல் அதைத் தொடங்கினார். ஒவ்வொருவருடைய வளைவின் வடிவத்துக்கு ஏற்பவும் மூச்சையும் உடல்நிலையையும் திருத்தும் முறை அது.

ஆய்வுகள் கூறுவது

'பிலாட்டிஸால் வளைவு 38 விழுக்காடு குறைந்தது' என்ற செய்தியைப் பலர் கைப்பேசியில் எடுத்துக்காட்டுகிறார்கள். அது பொய்யன்று. 2012-இல் வெளியான பிரேசில் நாட்டு ஆய்வு அது. 31 கல்லூரி மாணவியர் அதில் பங்கேற்றனர். ஆனால் அம்மாணவியரிடம் இருந்தது கட்டமைப்பு சாராத வளைவு. தசை இறுக்கத்தாலோ ஒரு கால் சற்றுக் குட்டையாக இருப்பதாலோ நிற்கும்போது தோன்றி, காரணம் நீங்கினால் மறையக்கூடிய வளைவு அது. எலும்பே திருகிய வளைவு வேறு. மேலே சொன்ன மாணவிக்கு இருந்தது இரண்டாம் வகை. செய்தியில் அந்த ஒரு சொல் விடுபட்டுவிட்டது. அவள் பத்து மாதத்தை இழந்தாள்.

தென்கொரியாவில் 2016-இல் வெளியான மற்றோர் ஆய்வு ஸ்கோலியோசிஸ் உள்ள 24 பேரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஷ்ராத் பயிற்சியும் மறு குழுவுக்குப் பிலாட்டிஸும் அளித்தது. இரண்டிலும் கோணம் குறைந்தது. ஷ்ராத் குழுவில் கூடுதலாகக் குறைந்தது. பயிற்சியே செய்யாத மூன்றாம் குழு இல்லாததாலும், பங்கேற்றோர் சிலரே என்பதாலும் இதைக் கொண்டு பெரிய முடிவு எதற்கும் வர இயலாது.

பிரேஸைப் பற்றிய சான்று இவற்றைவிட வலுவானது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 25 மருத்துவ மையங்களில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், பிரேஸ் அணிந்த பிள்ளைகளில் 72 விழுக்காட்டினர் 50 பாகையை எட்டாமலேயே வளர்ச்சியை முடித்தனர். வெறும் கண்காணிப்பில் இருந்தவர்களில் அவ்வாறு தப்பியோர் 48 விழுக்காடு. நாள்தோறும் சராசரியாக 13 மணி நேரத்துக்குக் குறையாமல் அணிந்தவர்களிடம் வெற்றி 90 விழுக்காட்டை எட்டியது. வளரும் பிள்ளைக்கு மருத்துவர் பிரேஸ் பரிந்துரைத்திருக்கும்போது அதற்கு மாற்றாகப் பிலாட்டிஸை வைப்பது எங்கள் கருத்தில் தவறு. பிரேஸுடன் சேர்த்து வைப்பது நல்லது. கோவை வெயிலில் பிரேஸ் அணிவது கடினம் என்பதை நாங்கள் அறிவோம். உள்ளே தையல் மேடு உறுத்தாத திருப்பூர்ப் பருத்திப் பனியனைத் திருப்பிப்போட்டு அணிந்து, வியர்த்தவுடன் மாற்றிக்கொண்டால் தோல் புண்ணாவதைப் பெரிதும் தவிர்க்கலாம்.

அவ்வாறெனில் பிலாட்டிஸ் எதற்கு? அம்மாணவிக்கு வலி குறைந்ததும் நடை தேறியதும் பொய்யல்லவே. வளைந்த முதுகில் ஒரு பக்கத் தசைகள் சதா இழுபட்டும் மறு பக்கத் தசைகள் சுருங்கியும் கிடக்கின்றன. பிலாட்டிஸ் வயிற்றின் ஆழத்திலுள்ள குறுக்குத் தசை, உதரவிதானம், இடுப்புத்தளத் தசைகள், முதுகெலும்பை ஒட்டிய சிறு தசைகள் ஆகியவற்றை ஒருங்கே வேலை செய்யப் பழக்குகிறது. களைப்பு குறைகிறது, வலி தணிகிறது. விலா எலும்புகள் நெருங்கிய பக்கத்திலும் மூச்சைச் செலுத்தக் கற்கிறார்கள். தம் உடல் எங்கே சாய்ந்திருக்கிறது என்பதைக் கண்ணாடி இல்லாமலே உணர்கிறார்கள். 2009-இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 நொடியில் ஓடிய உசேன் போல்ட்டுக்கும் ஸ்கோலியோசிஸ் உண்டு. வயிறு, முதுகுத் தசைகளை வலுவாக வைத்திருப்பதே தம் வழி என்று அவர் வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். வளைவு நிமிரவில்லை, ஓட்டம் நிற்கவும் இல்லை. பதின்பருவத்தினரிடம் எங்கள் அறிவுரை அனைத்தையும்விட இந்த ஒரு செய்தி நன்றாக வேலை செய்கிறது.

இடமும் வலமும் ஒன்றல்ல

பொதுப் பயிற்சி வகுப்பில் எல்லாரும் இடப்பக்கம் எட்டு முறை, வலப்பக்கம் எட்டு முறை வளைவார்கள். ஸ்கோலியோசிஸ் உள்ளவருக்கு இந்தச் சமநீதி பொருந்தாது. மார்புப் பகுதி வலப்புறம் புடைத்து வளைந்திருக்கிறது என்று கொள்வோம். அவர் வலப்புறம் சாயும்போது இடப்புறத்தில் ஒடுங்கிய விலா எலும்புகள் விரிகின்றன, அது நன்மை. இடப்புறம் சாய்ந்தால் உள்ள வளைவே மேலும் மடிகிறது. பலருக்கு மேலே வலமும் கீழே இடுப்பில் இடமுமாக இரட்டை வளைவு இருக்கும். அவர்கள் வலப்புறம் சாய்ந்தால் மேல்வளைவு திறக்கும், கீழ்வளைவு கூடும். ஆகவே இடுப்பை அசையாமல் நிறுத்தி மார்புப் பகுதியை மட்டும் நகர்த்தக் கற்க வேண்டும். எக்ஸ்ரே படத்தைப் பார்க்காமல் பயிற்சியைத் தொடங்கும் பயிற்றுநரிடம் செல்லாதீர்கள் என்று நாங்கள் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

எங்கள் பிரிவில் முதல் இரண்டு வாரம் பெரும்பாலும் மூச்சுடன் கழிகிறது. மேற்கூறிய வலப்புற வளைவு உள்ளவரை வலப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, புடைத்த விலாவின் கீழ் மடித்த துண்டை வைப்போம். இடக்கை தலைக்கு மேலே நீளும். மூக்கு வழியாக இழுக்கும் மூச்சு மேலே இருக்கும் இடது விலாக்களை விரிக்க வேண்டும். அங்கே தாயின் உள்ளங்கையை மென்மையாக வைத்திருந்தால் பிள்ளைக்கு இலக்கு தெரியும். வாயால் மெல்ல ஊதி வெளிவிடும்போது தொப்புள் உள்நோக்கி ஒடுங்கும். ஐந்தாறு மூச்சு, சிறிது ஓய்வு, மறுபடியும் ஐந்தாறு. பார்ப்பதற்கு ஒன்றும் செய்யாததுபோல் இருக்கும். "இதுக்குத்தானுங்களா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தோம்?" என்று கேட்ட தந்தையர் உண்டு.

அதன் பின் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, இடுப்பு ஆடாமல் ஒரு குதிகாலை மட்டும் தரையில் வழுக்கி நீட்டுவது. இடுப்பை உயர்த்திப் பாலம்போல் நிற்பது. தவழும் குழந்தையின் நிலையில் ஒரு கையையும் எதிர்ப்புறக் காலையும் நீட்டி உடல் திருகாமல் காப்பது ஆகியவை வரும். ஒருவர் பக்கத்தில் இருந்து பார்ப்பது நல்லது. முதுகின் மேல் ஒரு சிறு துண்டை விரித்துவைத்து அது நழுவாமல் செய்யச் சொன்னால் பிள்ளைகள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்கிறார்கள்.

சில பயிற்சிகளை நாங்கள் தவிர்க்கிறோம். முதுகை உருட்டி எழுதல், பந்துபோல் உருளுதல், இடுப்பைத் திருப்பி எதிர்க்காலைத் தொடுதல் ஆகியவை பிலாட்டிஸ் வகுப்புகளில் வழக்கமானவை. திருகல் உள்ள முதுகில் அவற்றைக் கண்மூடிப் புகுத்தக் கூடாது. குப்புறப்படுத்து மார்பை மிக உயர்த்துவதும் அப்படியே. மார்புப்பகுதி வளைவு உள்ள பலருக்கு முதுகு ஏற்கனவே தட்டையாக இருக்கும், அது மேலும் தட்டையாகும்.

உடுமலையிலிருந்தும் கோபியிலிருந்தும் வாரம் மூன்று முறை கோவைக்கு வர இயலுமா என்ற கவலை நியாயமானது. விலையுயர்ந்த கருவி தேவையில்லை. மாதம் ஒரு முறை எங்களிடம் வந்து திருத்திக்கொண்டு, மற்ற நாட்களில் வீட்டுக் கூடத்தில் பவானி ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரித்து 30 நிமிடம் செய்தால் போதும். பிரேஸ் அணிபவர்கள் அதைக் கழற்றும் நேரத்தில் செய்ய வேண்டும். தாளில் படம் வரைந்து தருகிறோம். பிள்ளை செய்வதைப் பின்புறமிருந்து கைப்பேசியில் ஒளிப்பதிவு செய்து அடுத்த முறை கொண்டுவந்தால், எங்கே பிழை நுழைந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

யோகாசனம் செய்யலாமா என்ற கேள்வி இவ்வூரில் எழாமல் இராது. பொள்ளாச்சிப் பக்கம் ஜமீன் காளியாபுரத்தில் 1920-இல் பிறந்து, கோவையில் தலைமுறைகளுக்கு யோகம் கற்பித்து, 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 99-ஆம் வயதில் மறைந்த நானம்மாளின் ஊர் அல்லவா இது. செய்யலாம். இடமும் வலமும் ஒன்றல்ல என்ற விதியும், ஆழ்ந்த திருகல்களைத் தவிர்க்கும் விதியும் அங்கும் பொருந்தும்.

பெரியவர்களுக்கு இரு குறிப்புகள். ஐம்பது, அறுபது வயதுக்கு மேல் தேய்மானத்தால் வரும் வளைவில் கோணத்தைவிட வலியே தலையாய தொல்லை. அங்கே பிலாட்டிஸ் நன்கு உதவுகிறது. ஆனால் மாதவிடாய் நின்ற பெண்மணிகள் எலும்பு அடர்த்தியைச் சோதித்துக்கொண்ட பிறகே தொடங்க வேண்டும். எலும்பு மெலிந்தவர்கள் முன்னோக்கிச் சுருண்டு எழும் பயிற்சிகளைச் செய்தால் முதுகெலும்புக் கண்ணி நசுங்கக்கூடும். அறுவை சிகிச்சையில் கம்பியும் திருகும் பொருத்தப்பட்டவர்களுக்கு இணைக்கப்பட்ட பகுதி அசையாது. அதை அசைக்க முயலவும் கூடாது. எப்போது, எதைத் தொடங்கலாம் என்பதை அறுவை மருத்துவரே கூற வேண்டும்.

இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, காலில் வலுக்குறைவு அல்லது மரத்துப்போதல், சிறுநீர் அல்லது மலம் கட்டுப்படாமை, சில மாதங்களிலேயே தோள் மட்டம் பெரிதும் மாறுதல், பத்து வயதுக்கு முன்பே வளைவு தெரிதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் பயிற்சியை ஒதுக்கிவைத்துவிட்டு உடனே முதுகெலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

அந்த மாணவிக்கு வருவோம். அவள் இப்போது பள்ளி நேரம் போக மற்ற நேரத்தில் பிரேஸ் அணிகிறாள். மாலையில் அதைக் கழற்றி, தானே ஜமுக்காளத்தை விரித்துப் பயிற்சி செய்கிறாள். முன்பு கற்ற பயிற்சிகளில் பாதியை நீக்கிவிட்டோம். மீதியை இடம், வலம் பார்த்து மாற்றியமைத்தோம். ஏழு மாதம் கழித்து எடுத்த படத்தில் 31 பாகை இருந்தது. தாய் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"ரெண்டு கொறஞ்சிருக்குதுங்களா மேடம்?"

அளவையில் ஐந்து பாகை வரை முன்பின் வரும் என்று முன்னரே சொன்னதை நினைவூட்டி, "கூடலீங்கம்மா" என்றோம்.

அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். "கூடலீன்னா சரிங்க" என்று படத்தை உறையில் போட்டுக்கொண்டு, அடுத்த எக்ஸ்ரேக்கு எந்தத் தேதியில் வர வேண்டும் என்று கேட்டார்.